ஜீப்புக்குக் கைவைத்தியம்

மோட்டார் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பாடசாலை அதிபர் ஒருவருக்கு, அதிலும் கலைப்பட்டதாரி ஒருவருக்கு, என்ன தகுதி உண்டு என்று நேயர்களிற் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. என்னை இந்தத் துறைக்குள் இழுத்துவிட்டவன் என் தமக்கையின் மகன். வன்னியில் வயல் செய்கின்ற அவன், சில ஆண்டுகளுக்கு முன் பழைய பெற்றோல் ஜீப் ஒன்றை வாங்கினான். மாரி காலத்தில் அவனுடைய வயலுக்குப் போகும் களிமண் பாதையில் வேறு வண்டி எதுவும் ஓடாது. வாங்கிய சில நாட்களிலேயே அவனுக்கு ஒரு குறை தோன்றிவிட்டது. "மாமா, மிதிச்ச உடனே பாய வேணும், இது கிழட்டு எருது மாதிரி எழும்புது" என்றான்.

ஆலோசனை கூறுவோருக்கு ஊரிலே குறைவில்லை. ஒருவர் பெரிய ரயர் போடச் சொன்னார். ஒருவர் காற்று வடிகட்டியைக் கழற்றி எறியச் சொன்னார். வேறொருவர் சைலன்சர்க் குழாயை அகலமாக்கச் சொன்னார். நான்காமவர், இயந்திரத்தின் தலையைச் சீவினால் வலு கூடும் என்றார். காய்ச்சற்காரனைக் கண்டவுடன் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வது நம்மவர் வழக்கமல்லவா? அந்தக் கைவைத்தியங்களிற் சில நல்ல மருந்து. சில நோயினுங் கொடியவை. ஜீப்பின் கைவைத்தியமும் அத்தகையதே. எங்கள் பாடசாலையின் பௌதிக ஆசிரியரும், ஊரிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரும் எனக்குக் கற்பித்தவற்றைக் கொண்டு, எது மருந்து, எது நஞ்சு என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், நாம் வேண்டுவது யாது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். வேகம் வேறு, விரைந்து வேகம் எடுத்தல் வேறு. பின்னையதைப் பாடநூல்கள் ஆர்முடுகல் எனக் கூறும். காட்டு வழியிற் செல்லும் வண்டிக்கு மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகம் தேவையில்லை. மணல் மேட்டில் ஏறத் தொடங்கும்போதும், சேற்றிலிருந்து எழும்போதும், நின்ற நிலையிலிருந்து சட்டென்று புறப்படும் ஆற்றலே அதற்கு வேண்டும். இந்த ஆற்றல் இரண்டே பொருள்களைப் பொறுத்தது. ஒன்று, சில்லு நிலத்தைத் தள்ளும் விசை. மற்றது, தள்ளப்படும் வண்டியின் திணிவு. விசையைக் கூட்டினாலும் ஆர்முடுகல் கூடும். திணிவைக் குறைத்தாலும் கூடும். கூடுதற்கு வேறு வழி இல்லை.

இனி, வலு என்பதும் முறுக்கம் என்பதும் பலரால் ஒன்றாக மயங்கப்படுகின்றன. செக்கிலே பூட்டிய எருதை நினைத்துப் பாருங்கள். செக்கைத் திருப்பும் பலம் முறுக்கம். அந்தப் பலத்துடன் எருது எத்தனை விரைவாகச் சுற்றுகின்றது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது வலு. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் இயந்திரம் நிமிடத்திற்கு 4000 சுற்றுச் சுற்றும்போது 60 பரிவலுவைத் தந்தது. ஆனால் அதன் மிகப் பெரிய முறுக்கமாகிய 105 இறாத்தல்-அடி, 2000 சுற்றிலேயே கிடைத்துவிட்டது. அந்த நிலையில் வலு ஏறக்குறைய 40 பரிவலு மட்டுமே. காட்டு வழியில் நமக்கு உதவுவது இந்தத் தாழ்ந்த சுற்றிற் கிடைக்கும் முறுக்கமே. ஓட்டப் பந்தயக் காருக்குச் செய்யும் வைத்தியத்தை ஜீப்புக்குச் செய்யலாகாது என்பதன் காரணம் இங்கேயே இருக்கின்றது.

இயந்திரத்தின் முறுக்கத்தைப் பன்மடங்காக்கிச் சில்லுக்குக் கொடுப்பவை பற்சக்கரங்கள். அதே ஜீப்பில் முதற் கியரையும் துணைப் பெட்டியின் தாழ்ந்த கியரையும் போட்டால், இயந்திரம் இருபத்தைந்து முறைக்கு மேல் சுற்றிய பின்னரே சில்லு ஒரு முறை சுற்றும். வேகம் அவ்வளவாகக் குறைகின்றது. முறுக்கம், உராய்விற் போனது போக, அவ்வளவாகப் பெருகுகின்றது. ஆகவே இயந்திரத்தைத் தொடாமலே வண்டியின் இழுவையை மாற்ற இயலும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜீப்பின் இயந்திரம் பிறந்த வரலாறே நமக்கு ஒரு நல்ல பாடம். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்துக்கு 1938ஆம் ஆண்டில் டெல்மார் றூஸ் என்பவர் தலைமைப் பொறியியலாளராக வந்தார். அந்நிறுவனத்திடம் அப்போது இருந்தது, விப்பெற் என்னும் பழைய காரின் வழிவந்த நான்கு உருளை இயந்திரம். அது 48 பரிவலுவையே தந்தது. கடுமையாக ஓட்டினால் விரைவில் பழுதடைந்தது. புதிய இயந்திரம் ஒன்றைப் படைப்பதற்குப் போதிய பணம் நிறுவனத்திடம் இல்லை. றூஸ் அதே இயந்திரத்தை உறுப்பு உறுப்பாகத் திருத்தினார். உறுப்புகளை நுட்பமான அளவிற் கடைந்து பொருத்தினார். வலிய உலோகக் கலவைகளைப் பயன்படுத்தினார். பிஸ்ரன் என்று கராஜிலும் முசலம் என்று பாடநூலிலும் சொல்லப்படும் உறுப்பை இலேசான அலுமினியத்திற் செய்வித்தார். பறப்புச் சில்லின் பாரத்தையும் வெகுவாகக் குறைத்தார். உருளைகளின் கொள்ளளவைப் பெருப்பிக்காமலே வலு 60 பரிவலுவாக உயர்ந்தது. அவர் முதலில் தேடியது வலுவை அன்று, உறுதியை என்பதைக் கவனியுங்கள். உறுதி வந்த பின்னரே வலு வந்தது.

1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் சிறிய நாற்சில்லு இழுவை வண்டி ஒன்றை வேண்டியபோது, வண்டியின் பாரம் 2160 இறாத்தலுக்கு, அஃதாவது ஏறக்குறைய 980 கிலோகிராமுக்கு, மேற்படலாகாது என்று வரையறுத்தது. வில்லிஸ் நிறுவனத்தின் மாதிரி வண்டி அதைவிட ஏறக்குறைய 260 இறாத்தல் கூடியிருந்தது. வலிய இயந்திரத்தை நீக்கிவிட்டு மெலிந்த ஒன்றைப் பொருத்தினாற் பாரம் குறைந்திருக்கும். றூஸ் அதற்கு இணங்கவில்லை. வண்டியை முழுவதும் கழற்றி, ஒவ்வொரு பகுதியையும் நிறுத்து, வேண்டாத உலோகத்தை நீக்கினார். நீண்டிருந்த ஆணிகளும் குறுக்கப்பட்டன. பூசிய வண்ணத்தின் பாரமும் கணக்கில் எடுக்கப்பட்டது என்று கூறுவர். பாரத்தைக் குறைப்பதும் வலுவைக் கூட்டுவதற்கு ஒப்பானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின்னர் 1950இல், அதே கொள்ளளவுள்ள இயந்திரத்துக்கு இன்னுமொரு மாற்றம் செய்யப்பட்டது. முன்பு காற்றும் பெற்றோலாவியும் உட்புகும் வால்வுகள் உருளைகளின் பக்கத்தில் இருந்தன. கலவை வளைந்து திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. புதிய அமைப்பில் அந்த வால்வுகள் உருளையின் தலைக்கு உயர்த்தப்பட்டன, அளவிலும் பெருத்தன. மூச்சு விடுதல் எளிதாயிற்று. வலு 60இலிருந்து 72 பரிவலுவாயிற்று. 1953இல் வெளிவந்த சீ.ஜே. 3பீ என்ற ஜீப்பின் முன்மூடி உயர்ந்து நிற்பதற்குக் காரணம் இந்த உயரமான இயந்திரமே. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் அனுமதி பெற்று நெடுங்காலம் செய்துவந்த ஜீப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

உறுதி, இலேசு, மூச்சு என்னும் இம்மூன்றையும் வைத்துக்கொண்டு வீட்டு வைத்தியத்துக்கு வருவோம்.

பழைய வண்டியொன்றுக்குப் புதிய வலுவைத் தேடுமுன், இழந்த வலுவை மீட்கவேண்டும். என் மருமகனின் ஜீப்பை அந்த முதிய மெக்கானிக் முதன்முறை பார்த்தபோது, ஒன்றையும் மாற்றவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துப்புரவு செய்தார். அவற்றின் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்காகவும், பொயின்ற் எனப்படும் தொடுமுனைகளின் இடைவெளியை ஆயிரத்தில் 20 பங்காகவும் அளந்து வைத்தார். தீப்பொறி பிறக்கும் நேரத்தைத் திருத்தினார். காபுரேற்றரைக் கழுவினார். வேக மிதியை அடிவரை மிதித்தாலும் காபுரேற்றரின் வாயில் முழுவதும் திறக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து, இணைப்புக் கம்பியைச் சரிசெய்தார். இறுகிப் பிடித்துக்கொண்டிருந்த பின் பிறேக் ஒன்றைத் தளர்த்தினார். அன்று மாலை ஜீப் ஓடிய ஓட்டத்தைக் கண்டு என் மருமகன் வியந்து போனான். அதுகாறும் அவன் பிறேக்கை இழுத்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறான்!

அடுத்து, இயந்திரத்தின் உடல்நிலையை அறிதல் வேண்டும். அமுக்கமானியைப் பிளக்குத் துவாரத்தில் வைத்து ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் அளக்கலாம். நான்கும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒன்று மற்றவற்றிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேற் குறைந்தால், அங்கே கசிவு உண்டு என ஐயுறலாம். அந்த உருளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடியும் அளந்தால், அமுக்கம் உயருமாயின் முசலத்தின் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராதாயின் பெரும்பாலும் வால்வு பொருந்தவில்லை. இந்தச் சோதனையில் தேறாத இயந்திரத்துக்கு வலு ஊட்ட முயல்வது, காய்ச்சற்காரனை ஓட்டப் பந்தயத்தில் விடுவதை ஒக்கும்.

இனி ரயரைப் பார்ப்போம். ஜீப் சற்று ஓடத் தொடங்கியதும், என் மருமகன் உயர்ந்த ரயர்களை வாங்கிப் போட்டுவிட்டான். பழையவை குறுக்களவில் ஏறக்குறைய 28 அங்குலம். புதியவை 31 அங்குலம். பார்வைக்கு வண்டி கம்பீரமாக நின்றது. ஆனால் முன்னிலும் மந்தமாக எழும்பியது. காரணம் எளிது. சில்லின் ஆரை கூடும்போது, அதே முறுக்கம் நிலத்தைத் தள்ளும் விசை குறைகின்றது. இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு இழுவை போய்விட்டது. ரயரின் பாரமும் கூடிற்று. சுழலும் பாரத்தை வெறுமனே நகர்த்தினாற் போதாது, சுழற்றவும் வேண்டும். ஆகவே அது இரட்டைச் சுமை.

இதற்கு மாற்று மருந்து அச்சிலுள்ள பற்சக்கரத்தை மாற்றுவதே. போர்க்கால ஜீப்பின் அச்சு விகிதம் 4.88, 1945இல் பொதுமக்களுக்காக வந்த ஜீப்பில் 5.38. இந்த மாற்றம் இழுவையைப் பத்து வீதம் கூட்டும். உயர்ந்த ரயர் பறித்ததைப் பெரும்பாலும் திருப்பித் தரும். ரயரை மாற்றாதவனுக்கோ அதே அளவு இலாபம். எனினும் ஒரு நிபந்தனை உண்டு. முன்னச்சையும் பின்னச்சையும் ஒருங்கே மாற்றவேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், நான்கு சில்லு இழுவையைப் போட்டவுடன் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்கள் நொறுங்கும்.

மூச்சைப் பற்றிய வைத்தியம் அடுத்தது. காற்று வடிகட்டியைக் கழற்றி எறிதல் கைவைத்தியங்களுள் மிகக் கொடியது. தூசி நிறைந்த வழியில் அந்த வண்டி உறிஞ்சுவது காற்றோடு அரத்தூளுமாகும். உருளையும் வளையமும் தேய்ந்து, கிடைத்த சிறு வலு சில மாதங்களில் வட்டியும் முதலுமாகப் போய்விடும். துப்புரவான வடிகட்டி, கசிவில்லாத இணைப்பு, நீர் புகாத உயரத்தில் காற்று வாயில் ஆகிய இவையே நல்ல மருந்து. சைலன்சர்க் குழாய் நசுங்கியும் துருவடைத்தும் இருப்பின் மாற்றுவது நன்று. ஆனால் அளவுக்கு மிஞ்சி அகலமாக்கினால், தாழ்ந்த சுற்றில் வெளியேறும் வாயுவின் ஓட்டம் மந்தமாகும். பெரிய காபுரேற்றருக்கும் அதே குறை உண்டு. உயர்ந்த சுற்றில் ஓசையும் வலுவும் கூடும். சேற்றிலே வேண்டிய முறுக்கம் குறையும்.

தலையைச் சீவுதல் என்பது யாது? உருளைத் தலையின் அடிப்பக்கத்தைக் கடைந்து தகன அறையைச் சிறிதாக்கினால், அமுக்க விகிதம் உயரும். ஒரே அளவு பெற்றோலிலிருந்து சற்றுக் கூடிய வேலையைப் பெறலாம். போர்க்கால ஜீப்பின் அமுக்க விகிதம் 6.48 மட்டுமே; இன்று நம் நாட்டில் விற்கப்படும் 92 ஒக்ரேன் பெற்றோல் இதனிலும் கூடிய விகிதத்தைத் தாங்கும். ஆயினும் பக்க வால்வு இயந்திரத்தில், வால்வுக்கு மேலுள்ள இடைவெளி வழியாகவே கலவை உருளைக்குள் போகின்றது. தலையைச் சீவும்போது அந்த வழியும் ஒடுங்கும். மிஞ்சினால் வால்வே தலையில் முட்டும். அமுக்கம் அளவு கடந்தால் கலவை கண்டபடி வெடித்துத் தட்டல் ஓசை எழும். அந்த ஓசை முசலத்தின் மரண ஓலம். பறப்புச் சில்லைக் கடைந்து இலேசாக்கினால் இயந்திரம் விரைந்து சுற்றெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் கற்பாறை மேல் ஊர்ந்து ஏறும்போது இயந்திரம் நின்றுவிடாமற் காப்பது அச்சில்லின் பாரமே. வார்ப்பிரும்புச் சில்லை அனுபவமில்லாதவர் கடைந்தால், உயர்ந்த சுற்றில் அது சிதறவுங் கூடும்.

இக்காலத்து டீசல் வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் எரிபொருளை அளந்து விடுவது மின்னணுக் கணிப்பொறி. காற்றைத் தள்ளுவது ரேபோ விசிறி. கணிப்பொறியின் கட்டளையை மாற்றி எரிபொருளைக் கூட்டினால் முறுக்கம் கணிசமாக உயரும். ஆனால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லையெனில் கரும்புகை எழும். வெளிவாயுவின் வெப்பம் முசலத்தையும் விசிறியையும் தின்னும். கிளச்சும் கியர்ப் பெட்டியும் தாங்கமாட்டா. 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைபெற்றுவரும் புகைப் பரிசோதனையிலும் அந்த வண்டி தவறக்கூடும்.

இனி, நான் சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்லவேண்டும். சில மாதங்களில் என் மருமகனின் ஜீப் நன்கு தேறிவிட்டது. அச்சின் பற்சக்கரங்கள் மாற்றப்பட்டன. வால்வுகள் அரைத்துப் பொருத்தப்பட்டன. மிதித்தாற் பாய்ந்தது. பிறேக்கை மட்டும் அவன் பின்னொரு நாளைக்கென்று விட்டுவைத்தான். ஒரு மழைநாளில் வாய்க்காலைக் கடந்து மேட்டில் ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்கினான். நனைந்த பிறேக் பிடிக்கவில்லை. சரிவின் அடியிலே ஒரு சிறுவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு நின்றான். என் மருமகன் வண்டியை மதகுக் கட்டில் மோதி நிறுத்தினான். சிறுவனுக்கு ஒன்றுமில்லை. மருமகனுக்குக் கை முறிந்தது. மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது அவன் கையைப் பற்றிப் பேசவில்லை. "பெடியன்ரை முகம் கண்ணுக்குள்ளையே நிக்குது மாமா" என்றான். அவ்வளவுதான்.

விரைந்து புறப்படக் கற்ற வண்டி நிற்கக் கற்கவில்லை. ஓடும் வண்டியின் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகின்றது. மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்த வண்டி 40இல் வருமாயின், வேகம் மூன்றில் ஒரு பங்கே கூடியது; பிறேக் விழுங்கவேண்டிய சத்தியோ முக்காற் பங்குக்கு மேற் கூடியது. பழைய ஜீப்பின் பிறேக் உருளிகள் ஒன்பது அங்குலமே. நீரில் நனைந்தாற் பிடி குறையும். நீண்ட இறக்கத்திற் சூடேறினாலும் குறையும். அதன் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலமே உண்டு. குறுகியும் உயர்ந்தும் உள்ள வண்டி, வேகத்தில் வளைந்தாற் கவிழத் தயங்காது. ஆதலால் பிறேக், திருப்பும் சில்லின் இணைப்புகள், ரயர் ஆகியவை முதலிற் சீராகவேண்டும். அடுத்தது றேடியேற்றர், கூடிய வலு கூடிய வெப்பத்தையும் உடன் கொண்டுவரும். இயந்திரத்தின் முறை அதன் பின்னரே.

வீட்டிலேயே வேலை செய்ய விரும்பும் இளைஞருக்குச் சில சொற்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுக்காதீர்கள்; உறுதியான தாங்கிகளை வையுங்கள். அடைத்த கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள்; அந்தப் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யுங்கள். ஆளரவமற்ற ஒரே மேட்டில், ஒரே சுமையுடன், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை விநாடியில் ஏறுகின்றது என்று கடிகாரத்தால் அளந்து குறித்துவையுங்கள். காதுக்கு ஓசை கூடினால் மனம் வேகமும் கூடியதாக எண்ணும்; கடிகாரம் அப்படி ஏமாறாது. வேறு இயந்திரத்தையே பொருத்துவீர்களாயின், அதன் எண்ணை மோட்டார் வாகனப் பதிவிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த ஜீப் இன்றும் ஓடுகின்றது. பிறேக் முழுவதும் புதிதாக்கப்பட்டது. தேவையற்ற இரும்புச் சட்டங்களும், ஆண்டுக்கணக்காகப் பின்னாற் கிடந்த பழைய உதிரிப் பாகங்களும் இறக்கப்பட்டன. உயர்ந்த ரயர்கள் கழற்றப்பட்டு, உரிய அளவு ரயர்கள் மீண்டும் பூட்டப்பட்டன. சென்ற மாரியில் அவனோடு அந்த வாய்க்காலைக் கடந்தேன். மேட்டில் ஜீப் நன்றாகவே பாய்ந்து ஏறியது. உச்சியிலே அவன் வேகத்தைத் தணித்து, பிறேக்கை இருமுறை மெல்ல மிதித்து உலர்த்தி, தாழ்ந்த கியரைப் போட்டுக்கொண்டு இறங்கினான். சரிவின் அடியில் யாரும் நிற்கவில்லை. எனினும் அவன் கண்கள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.